கமெண்டை மூடிவிட்டால் கடைப் பெயர் தப்பிக்குமா?

கேள்வி: எங்களுக்குக் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் முந்திரிக் கடை இருக்கிறது. அப்பா 1994-ல் ஆரம்பித்தார். பண்ருட்டிப் பக்கம் சின்னதாக ஒரு ஷெட். அங்கே உடைத்து, தோல் உரித்து, வறுத்து, பாக்கெட் போட்டுக் கடைக்குக் கொண்டுவருகிறோம். சென்னை வேலையை விட்டுவிட்டு வந்த நான் மூன்று வருடத்துக்கு முன்பு கடைக்கு இன்ஸ்டாகிராம் பக்கம் தொடங்கினேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் ஒரு கல்லூரி மாணவர் எங்கள் அரைக் கிலோ பாக்கெட்டைத் தட்டில் கொட்டி ரீல் போட்டார். ‘மேல முழுசு, அடியில உடைசல். வெளியில பண்ருட்டி முந்திரி, உள்ள ஆப்பிரிக்கா கொட்டை’ என்கிறார். இரண்டு நாளில் நாலு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். தம்பி பயந்துபோய் எங்கள் பக்கத்தில் வந்த மோசமான கமெண்டுகளை அழித்தான், அப்புறம் கமெண்டையே மூடிவிட்டான். அப்பா வக்கீல் நோட்டீஸ் அனுப்பப் போகிறேன் என்கிறார். ஒரு ஏஜென்சிக்காரர் 200 நல்ல ரிவ்யூ போட்டுத் தருவதாகப் பேசுகிறார். மறைக்காமல் சொல்கிறேன்: சீசன் முடிந்தபின் நாங்களும் வெளிநாட்டுக் கொட்டையைத்தான் உடைக்கிறோம். இங்கே பலரும் அப்படித்தான். ‘முப்பது வருஷமா பேரு நம்ம கையில இருந்துச்சு. நீதாம்மா அதைக் கொண்டுபோய் ஊரான் கையில குடுத்துட்ட’ என்று அப்பா சொன்னது என்னைத் தூங்கவிடவில்லை. பக்கத்தை மூடிவிடலாமா? சில ஸ்கிரீன்ஷாட்டுகளும் அனுப்பியிருக்கிறேன்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கடலூர்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

பக்கத்தை மூட வேண்டாம். நோட்டீஸ் வேண்டாம். அந்த 200 ரிவ்யூவும் வேண்டாம். தூக்கம் கெட்டு எழுதியிருக்கிறீர்கள் என்பதால் பதிலை முதலிலேயே சொல்லிவிட்டேன். காரணங்களை இனி நிதானமாகப் பேசுவோம்.

அப்பா சொன்ன வார்த்தையிலிருந்தே தொடங்குகிறேன். பெயர் முப்பது வருடமாக அவர் கையில் இருந்ததா? புதுச்சேரியில் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அத்தையோடு பெரிய மார்க்கெட்டுக்குப் போவேன். அத்தை பருப்புக் கடை முன்னால் நின்று ஒரு முந்திரியை எடுப்பார், இரண்டாகப் பிளப்பார், முகர்ந்துவிட்டுப் பாதியை வாயில் போட்டு மெல்வார். சிக்கு வாடை அடித்தால் முகம் சுளித்துவிட்டு அடுத்த கடைக்கு நடப்பார். கடைக்காரரிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆனால் வீடு திரும்பும் வழியில் இரண்டு பேரிடம், தெருக் குழாயடியில் நாலு பேரிடம், அடுத்த வாரக் கல்யாண வீட்டில் சமையல் மாஸ்டரிடம் என்று ஒரு மாதத்துக்கு அந்தக் கடையின் பெயர் ஓடும். கடைக்காரருக்கு வியாபாரம் குறைந்தது தெரிந்திருக்கும், ஏன் குறைந்தது என்று தெரிந்திருக்காது.

உங்கள் கடையைப் பற்றியும் 1994-லிருந்தே இப்படிப் பேசிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். பெரும்பாலும் நல்லபடியாகப் பேசியிருப்பார்கள், அதனால்தான் கடை நிற்கிறது. அப்பாவின் கையில் இருந்தது சரக்கும் எடையும் விலையும், கல்லாவில் உட்கார்ந்து அவர் வாடிக்கையாளரை விசாரித்த விதமும். பெயர் வாங்கித் தின்றவர்கள் வாயில் இருந்தது. இப்போது அந்தப் பேச்சு எழுத்தாக, எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையோடு, அவர் கண்ணெதிரே வந்து நிற்கிறது. அது வலிக்கும். இத்தனை வருடம் கல்லாவில் உட்கார்ந்தவருக்கு இன்னும் அதிகமாக வலிக்கும். ‘காலம் மாறிப்போச்சுப்பா’ என்று ஒரே வார்த்தையில் அவரை ஒதுக்கிவிடாதீர்கள்.

நான் விளம்பரத் தொழிலுக்கு வந்த காலத்தில் பத்திரிகையில் கால் பக்கம் வாங்கிவிட்டால் அதில் என்ன எழுதுவது என்பது எங்கள் இஷ்டம். கீழே யாரும் பதில் எழுத முடியாது. அந்தப் பழக்கத்தோடுதான் நாங்கள் ஃபேஸ்புக்குக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் வந்தோம். இலவசமாகக் கிடைத்த கால் பக்கம் என்று நினைத்தோம். அது கடைவாசல் மாதிரி என்பது எனக்குப் புரிய ஒருவருடைய தொழில் அடிபட வேண்டியிருந்தது.

அதைச் சொல்கிறேன். பல வருடம் முன்பு புதுச்சேரியில் கடற்கரைக்குப் பக்கத்தில் உள்ள ஓர் உணவகத்தின் பக்கத்தை நான் கவனித்துக்கொண்டிருந்தேன். குழந்தையோடு சாப்பிட வந்த ஓர் அம்மா, மீன் குழம்பில் பூச்சி கிடந்ததாகப் படத்தோடு கமெண்ட் போட்டார். கோபமாகக்கூட எழுதவில்லை, ‘கொஞ்சம் பாருங்கள்’ என்றுதான் எழுதியிருந்தார். அழித்துவிடலாம் என்று முதலாளியிடம் சொன்னவன் நான்தான். அழித்தோம். அந்த அம்மா தன் கமெண்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தார். அடுத்த நாள் ‘பூச்சி விழுந்தது தவறாக நடந்திருக்கலாம், என் வாயை மூடியது தெரிந்தே செய்தது’ என்று தன் பக்கத்தில் எழுதினார். பூச்சியை மன்னிக்கத் தயாராக இருந்தவர் அவர். அவர் எழுதியதை எத்தனையோ பேர் எடுத்துப் போட்டார்கள். அன்று முதல் எந்த வாடிக்கையாளரின் குறையையும் நான் அழிக்கச் சொன்னதில்லை.

அதனால் இன்றைக்கே தம்பியிடம் சொல்லிக் கமெண்டைத் திறக்கச் சொல்லுங்கள். மூடி வைத்தவை திரும்பத் தெரியும், அழித்தவை வராது. ‘பதற்றத்தில் சில கமெண்டுகளை அழித்துவிட்டோம், அது தவறு, கேட்டதை மறுபடி கேளுங்கள், பதில் சொல்கிறோம்’ என்று மேலே ஒரு பதிவு போட்டு நிறுத்தி வையுங்கள். அழிக்கக் கூடியவையும் உண்டு: கெட்ட வார்த்தை, சாதிப் பேச்சு, பெண்களை அசிங்கமாகச் சொல்வது, யாருடைய போன் நம்பராவது, லோன் விளம்பரம். எதை அழிப்பீர்கள் என்பதையும் அந்தப் பதிவிலேயே எழுதிவிட்டால் பின்னால் சண்டை வராது.

தம்பியிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் ஒன்றில் ‘பிடிச்சா வாங்குங்க, இல்லாட்டி விடுங்க’ என்று கடையின் பெயரில் பதில் போயிருக்கிறது. 2010-ல் நெஸ்லே நிறுவனத்துக்கு இதே மாதிரி நடந்தது. கிட்கேட்டுக்கு வாங்கும் பாமாயிலுக்காகக் காடு அழிகிறது என்று கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு ஒரு வீடியோ வெளியிட்டது. நெஸ்லே அதை யூடியூபிலிருந்து எடுக்க வைத்தது. உடனே ஆட்கள் நிறுவனத்தின் ஃபேஸ்புக் பக்கத்துக்கே வந்து, அதன் லோகோவை மாற்றி வரைந்து தங்கள் முகப்புப் படமாக வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார்கள். பக்கத்தை நடத்தியவர் அவர்களிடம் வெடுக்கென்று பதில் போட்டார். பாமாயிலைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள்கூட அந்தப் பதில்களைப் படிக்க வந்தார்கள். இரண்டே மாதத்தில், மே மாதம், காடழிப்போடு தொடர்புள்ள பாமாயிலை வாங்கமாட்டோம் என்று நிறுவனம் உறுதி கொடுத்தது. அதை முதல் வாரமே செய்திருக்கலாம். இங்கே கோபத்தில் பதில் போட்டவர் உங்கள் தம்பி, படிப்பவர்களுக்கு அது அப்பாவின் குரல். கல்லாவில் உட்கார்ந்து அப்பா எந்த வாடிக்கையாளரிடமாவது அப்படிப் பேசியிருப்பாரா? தம்பியிடம் அதை மட்டும் கேளுங்கள்.

அடுத்து வக்கீல் நோட்டீஸ். அப்பாவின் கோபம் நியாயமானதாகவே இருக்கட்டும், நோட்டீஸ் போனால் என்ன ஆகும் என்று பார்ப்போம். 2023 ஏப்ரலில், போர்ன்விட்டாவில் உள்ள சர்க்கரையைப் பற்றி ஓர் இளைஞர் வீடியோ போட்டார். நிறுவனத்திடமிருந்து நோட்டீஸ் வந்தது, அவர் வீடியோவை எடுத்துவிட்டு மன்னிப்பும் கேட்டார். அதற்குள் பிரதிகள் நாடு முழுக்கப் பரவிவிட்டன. நோட்டீஸ் வந்த செய்தியே அதைப் பார்க்காதவர்களையும் தேடிப் பார்க்க வைத்தது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் நிறுவனத்திடம் விளக்கம் கேட்டது. அந்த வருடக் கடைசியில் சர்க்கரை அளவைக் குறைத்தார்கள். ஒரு பெரிய நிறுவனத்தின் வக்கீல்களாலேயே ஒரு வீடியோவைப் பிடித்து நிறுத்த முடியவில்லை.

இன்னும் பக்கத்தில், எங்கள் ஊரிலேயே நடந்தது ஒன்று உண்டு. 2012 அக்டோபரில், அரசியல் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவரைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகப் புதுச்சேரியின் சிறு தொழிலதிபர் ஒருவர் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ பிரிவில் கைதானார். அப்போது அவரைப் பின்தொடர்ந்தவர்கள் 20 பேர்கூடக் கிடையாது. கைதுக்குப் பிறகு அவர் எழுதியதை இந்தியா முழுக்கப் படித்தார்கள். அந்தப் பிரிவையே 2015 மார்ச் 24-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. அவதூறுச் சட்டம் இன்றும் இருக்கிறது, பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 356-வது பிரிவு. அதிலும் உண்மையை, பொது நன்மைக்காகச் சொன்னால் அவதூறு ஆகாது. நீங்களே மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள்: அந்த மாணவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. அவர் கோர்ட்டில் உங்கள் கொட்டை மூட்டைகளின் பில்லைக் கேட்டால் அப்பா என்ன செய்வார்?

வக்கீல் தேவைப்படும் நேரமும் இருக்கிறது. யாராவது ‘இருபதாயிரம் கொடுங்கள், வீடியோவை எடுத்துவிடுகிறேன்’ என்று கேட்டால், உங்கள் பெயரில் போலிப் பக்கம் தொடங்கிப் பணம் வசூலித்தால், இல்லாத ஒன்றைச் சோடித்து வீடியோ எடுத்தால், தயங்காமல் போங்கள். இணையத்தில் பணம் பறிபோன விஷயம் என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் அடியுங்கள். இந்த மாணவர் அந்த ரகம் இல்லை. காசு கொடுத்து வாங்கியவர், ஏமாந்துவிட்டோம் என்று நினைப்பவர்.

சரி, அவர் சொன்ன இரண்டையும் இப்போது தட்டில் கொட்டிப் பார்ப்போம்.

முதலாவது, ‘மேல முழுசு, அடியில உடைசல்’. இதில் உங்கள் மேல் தவறு இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரு கண்ணாடி ஜாடியில் முழு முந்திரியையும் துண்டையும் கலந்து போட்டு இருபது தடவை குலுக்குங்கள். துண்டுகள் இடுக்கு வழியாக அடிக்கு இறங்கிவிடும், முழுசு மேலே ஏறிவிடும். இயற்பியல்காரர்கள் இதற்கு ஒரு கொட்டையின் பெயரையே வைத்திருக்கிறார்கள், பிரேசில் நட் விளைவு என்று. பண்ருட்டியிலிருந்து கடலூருக்கு வேனில் வருகிற பாக்கெட், வழியில் உள்ள குண்டு குழிக்கெல்லாம் குலுங்கிக்கொண்டே வருகிறது. யாரும் மேலே முழுசை அடுக்கியிருக்கத் தேவையில்லை. இதை அப்பாவையே செய்யச் சொல்லிப் படம் எடுங்கள். ஒரு நிமிடம் போதும், பின்னணியில் பாட்டுகூட வேண்டாம்.

அதோடு விட்டுவிட்டால் சமாளிப்பாகப் போய்விடும். ஒரு பாக்கெட்டில் உடைசல் எவ்வளவு என்று நீங்கள் என்றைக்காவது எடை போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நாளைக்குக் கடையிலிருந்து இருபது பாக்கெட் எடுத்துப் பிரியுங்கள். முழுசு தனி, உடைசல் தனி என்று தராசில் வையுங்கள். பாக்கெட்டில் டபிள்யூ 320 என்று போட்டு விற்கிறீர்கள். ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய 320 முழுப் பருப்பு என்பது அதன் அர்த்தம். அது வியாபாரிக்குத் தெரியும், அந்த மாணவருக்குத் தெரியாது. உங்கள் பாக்கெட்டில் உடைசல் எவ்வளவு வரலாம் என்று அளந்து தெரிந்த எண்ணையே பாக்கெட்டில் அச்சடியுங்கள். அதற்கு மேல் வந்தால் மாற்றித் தருகிறோம் என்றும் எழுதுங்கள்.

இரண்டாவது விஷயம்தான் கனமானது. பாக்கெட்டில் ‘அசல் பண்ருட்டி முந்திரி’ என்று பெரிதாக இருக்கிறது. வாங்குபவர் என்ன நினைப்பார்? பண்ருட்டிச் செம்மண்ணில் விளைந்தது என்றுதான் நினைப்பார். இங்கே அறுவடை மார்ச்சில் தொடங்கிக் கோடையோடு முடிந்துவிடும். ஷெட்டுகளுக்கு வருடம் முழுக்க உடைக்க உள்ளூர்க் கொட்டை போதாது. அதனால் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கப்பலில் வரும் கொட்டையை வாங்கி உடைக்கிறார்கள். தொழிலில் இருப்பவர்களுக்கு இது ரகசியமே இல்லை. அதில் வெட்கப்படவும் ஒன்றும் இல்லை. அந்தக் கொட்டை வராவிட்டால் உங்கள் ஷெட்டில் உடைக்கும் பெண்களுக்கு ஆடியிலும் ஐப்பசியிலும் வேலை இருக்காது. ஆனால் பாக்கெட் அதைச் சொல்லவில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, தவறாக நினைக்கவைக்கும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. அப்பா நோட்டீஸ் அனுப்பினால் எதிர்த் தரப்பு முதலில் கையில் எடுப்பது இதைத்தான்.

ஆகவே பாக்கெட்டை மாற்றுங்கள். சீசனில் உள்ளூர்க் கொட்டையை உடைத்தால் ‘பண்ருட்டியில் விளைந்து, பண்ருட்டியில் உடைத்தது’ என்று போடுங்கள், விலையும் கொஞ்சம் கூட வையுங்கள். மற்ற மாதங்களில் ‘இறக்குமதிக் கொட்டை, பண்ருட்டியில் உடைத்து வறுத்தது’ என்று போடுங்கள். அச்சடித்த பழைய கவர் தீரும் வரை ஸ்டிக்கர் ஒட்டலாம். பண்ருட்டிக்காரர்களின் கைப்பக்குவம் சாதாரண விஷயமா? பதமாக அவித்து அல்லது வறுத்து, ஓடு உடையும்போது பருப்பு உடையாமல் எடுப்பது எத்தனை வருடப் பழக்கம்! அந்தப் பெருமையைச் சொல்லிக்கொள்ள உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. விளையாததை விளைந்தது என்று சொல்லத்தான் உரிமை இல்லை.

இதை அப்பாவே கேமரா முன்னால் சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நீங்கள் எழுதிக் கொடுத்துப் படிக்கவைக்காதீர்கள். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கரையேறியபோது கடலூர் மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. 1994-லிருந்து தொழிலில் இருப்பவருக்கு அந்தக் காலையைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ இருக்கும். எந்தத் தோப்பிலிருந்து கொட்டை வாங்கிக்கொண்டிருந்தார், அந்த மரங்கள் என்ன ஆயின, மறு வருடம் ஷெட்டை எப்படி ஓட்டினார் என்று கேளுங்கள், போனை ஓடவிடுங்கள். நடுவில் அவர் நிறுத்தினால் நிறுத்தட்டும், வெட்டாதீர்கள்.

அந்த மாணவருக்குச் செய்தி அனுப்புங்கள். பொதுவில் ஒரு வரி, தனியாக ஒரு செய்தி. ‘தம்பி, நீங்கள் சொன்னதில் கொட்டையைப் பற்றியது உண்மை, பாக்கெட்டை மாற்றுகிறோம். உடைசலைப் பற்றிச் சொன்னதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது, நேரில் காட்டுகிறோம். ஷெட்டுக்கு வாருங்கள், எதை வேண்டுமானாலும் படம் எடுங்கள்.’ இவ்வளவு போதும். வீடியோவை எடுத்துவிடச் சொல்லாதீர்கள், ஜாடையாகக்கூடக் கேட்காதீர்கள். வந்தால் டீ கொடுங்கள், கையில் கிஃப்ட் பாக்கெட் கொடுத்து அனுப்பாதீர்கள். வரமாட்டேன் என்றாலும் பரவாயில்லை, அழைத்தது ஊருக்குத் தெரிந்திருக்கும்.

அவர் வந்தால் கேமரா எங்கே போகும் என்று முன்கூட்டியே யோசியுங்கள், பெண்களின் கைகளுக்குப் போகும். முந்திரி ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைக் கருக்கிப் புண்ணாக்கும். சில ஷெட்டுகளில் சாம்பலை மட்டும் பூசிக்கொண்டு வெறுங்கையால் உடைப்பதை நான் பார்த்திருக்கிறேன், விரல் நுனி ரேகை தெரியாமல் கறுத்திருக்கும். உங்கள் ஷெட்டில் கையுறை இருக்கிறதா? இருந்தால் அது கிழியாமல் இருக்கிறதா? உட்கார மணை இருக்கிறதா, புகை போக வழி இருக்கிறதா? இல்லையென்றால் இந்த வாரமே செய்யுங்கள். வீடியோவுக்காக என்று நினைத்துச் செய்யாதீர்கள், அந்தக் கைகளுக்காகச் செய்யுங்கள். கேமரா வருவதால் நடப்பதாக இருந்தாலும் அவர்களுக்கு நடந்தால் நல்லதுதான். படம் எடுக்கலாமா என்று அவர்களிடமும் கேட்க வேண்டும். வேண்டாம் என்பவர் முகத்தை யாரும் எடுக்கக் கூடாது, அதை அந்த மாணவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அந்த 200 ரிவ்யூ விவகாரத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். போலி ரிவ்யூ வாடிக்கையாளரிடம் சொல்லும் பொய். ஒரே ராத்திரியில், ஒரே மாதிரி வார்த்தையில், ‘சூப்பர் குவாலிட்டி’ என்று 200 வந்தால் கடலூரில் யாரும் ஏமாறமாட்டார்கள். நிஜமாகப் பாராட்டியவர்களின் வார்த்தையையும் அது சந்தேகத்துக்குள் தள்ளிவிடும். காசு வாங்கிக்கொண்டு உங்கள் பொருளைப் பேசும் பிரபலங்களுக்கும் விதி இருக்கிறது: அது விளம்பரம் என்பதைத் தெளிவாகப் போட வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2021-லேயே சொல்லிவிட்டது.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒன்று என் கண்ணில் பட்டது. பக்கத்துக்கு நீங்கள் போடும் படங்கள் எல்லாம் பெரிய முழுப் பருப்பு, கிஃப்ட் பெட்டி, தங்க நிற ரிப்பன். ஆனால் உங்களை டேக் செய்து மற்றவர்கள் போட்ட படங்களை வரிசையாகப் பாருங்கள். பாயசம், வெண்பொங்கல், குருமாவுக்கு அரைத்த விழுது, வீட்டில் கிண்டிய ரவா கேசரி. கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இருப்பது உங்கள் ஒரு கிலோ உடைசல் பாக்கெட். அதற்கு அவர்களாகவே ‘பாயசப் பாக்கெட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், மூன்று பேர் தனித்தனியாக அப்படி எழுதியிருக்கிறார்கள். அப்பாவுக்குக் கடையின் முகம் கிஃப்ட் பெட்டி. ஊருக்கு அது பாயசப் பாக்கெட்.

இந்த இடத்தில் கோகோ கோலா கதை ஞாபகம் வருகிறது. 2008-ல் ஃபேஸ்புக்கில் அந்தப் பானத்துக்கு இருந்த பெரிய பக்கம் நிறுவனம் தொடங்கியதில்லை, அமெரிக்காவில் இரண்டு ரசிகர்கள் தாங்களாகத் தொடங்கியது. லட்சக்கணக்கானவர்கள் அதில் சேர்ந்துவிட்டார்கள். பிராண்டுப் பக்கங்களை அந்தந்த நிறுவனம்தான் நடத்த வேண்டும் என்று ஃபேஸ்புக் சொன்னபோது, பக்கத்தைப் பிடுங்கிக்கொள்ள நிறுவனத்துக்கு வழி இருந்தது. அவர்கள் அந்த இரண்டு பேரையும் அட்லாண்டா தலைமை அலுவலகத்துக்கு வரவழைத்து, நீங்களே எங்களோடு சேர்ந்து நடத்துங்கள் என்றார்கள். தங்கள் பெயரை நேசிக்கிறவர்களுக்கு அதில் பங்கு கொடுத்தார்கள். நீங்கள் அட்லாண்டா வரை போக வேண்டியதில்லை. அடுத்த அச்சில் அந்த உடைசல் கவரில் ‘பாயசப் பாக்கெட்’ என்றே போடுங்கள். அந்தப் பெயரை முதலில் எழுதியவரிடம் அனுமதி கேட்டு, அவர் சம்மதித்தால் அவர் சொன்னது என்று பக்கத்தில் எழுதுங்கள்.

கட்டுப்பாடு போய்விட்டது என்று அப்பா வருந்துவதில், போனதையும் வந்ததையும் சேர்த்து அவருக்குக் காட்ட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையைச் சாத்திய பிறகு, அந்த டேக் செய்த படங்களை ஒவ்வொன்றாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள். எந்த ஊர், யார் வீட்டு விசேஷம் என்று வாசியுங்கள். ரீலுக்குக் கீழே வந்த கமெண்டுகளையும் வாசியுங்கள், மோசமானதை மறைக்காதீர்கள். அதில் ஒருவர், ‘இவங்க கடையில எங்கப்பா காலத்துலேர்ந்து வாங்குறோம், கேட்டா உண்மையைச் சொல்லுவாங்க, யாராவது கேட்டீங்களா?’ என்று எழுதியிருக்கிறார். உங்கள் ஸ்கிரீன்ஷாட்டில் நாலாவது. நீங்கள் யாரும் அவருக்குப் பதில் எழுதவில்லை. இந்த ஒரு வரியை அப்பா இதுவரை பார்த்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

பார்ப்பவர்களின் எண்ணிக்கை அடுத்த வாரம் குறைந்துவிடும், புதுப் பாக்கெட் வந்தபின் சிலர் கேலி செய்வார்கள், ‘மாட்டிக்கிட்டதும் மாத்திட்டாங்க’ என்பார்கள். ‘ஆமாம், அவர் சொன்ன பிறகுதான் மாற்றினோம்’ என்று பதில் எழுதுங்கள். அதற்கு மேல் விளக்க வேண்டாம்.

அப்புறம், கமெண்டைத் திறந்ததும் எங்கிருந்து தொடங்குவது என்று திகைப்பீர்கள். நீங்கள் அனுப்பியதில் கடைசி ஸ்கிரீன்ஷாட்டைப் பாருங்கள். நெல்லிக்குப்பத்திலிருந்து ஓர் அம்மா, இந்தச் சண்டைக்குச் சம்பந்தமே இல்லாமல், ‘ஒரு கிலோ வாங்கினேன், ரெண்டு பேர்தான் வீட்டில், ஃப்ரிட்ஜில் வைக்கலாமாம்மா?’ என்று கேட்டிருக்கிறார். அந்த நேரத்தில்தான் தம்பி கமெண்டை மூடியிருக்கிறான். முதல் பதிலை அவருக்குப் போடுங்கள். வைக்கலாம், காற்றுப் புகாத டப்பாவில் போட்டு இறுக மூடி வைக்க வேண்டும், எடுக்கும் கரண்டியில் ஈரம் இருக்கக் கூடாது.